ஒரு பல்புக்கு யார் வருவார்கள்

ஒரே ஒரு பல்பு மாட்ட ஆள் தேடி நாயாய் அலைந்தேன். சிரிக்காதீர்கள். அறுபது வயதுக்கு மேல் தனியாக இருந்து பாருங்கள், அப்போது தெரியும்.

நானே ஏறி மாட்டலாமே என்பீர்கள். ஏறினேனே! போன மாதம் சமையலறையில் நாற்காலி போட்டு ஏறியதில் நாற்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடுப்பு பிடித்துக்கொண்டது. சாயங்காலம் விழுந்தவன், மறுநாள் குப்பை எடுக்க வந்தவர் கதவைத் தட்டும்வரை தரையிலேயே கிடந்தேன். அடித்துப் பிடித்து ஓடிவந்த என் தங்கை, மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் நின்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"இனிமே நாற்காலி மேல ஏற மாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

"அடுத்த மாசம் வந்து பார்ப்பேன், அண்ணா. வீடு வீடா இருந்தா இரு. இல்லேன்னா பேசாம பெட்டியைக் கட்டிக்கிட்டு என்கூட வந்துடணும். உனக்கு ரூம் ஒழிச்சு வச்சாச்சு."

தங்கை தங்கமானவள்தான். ஆனால் அவள் வீட்டில் ரேடியோவின் சத்தத்தை அவள் முடிவு செய்வாள், ஜன்னலை எப்போது சாத்துவது என்பதை மச்சான் முடிவு செய்வார். இங்கே என் ரேடியோ அலறும், என் ஜன்னல் திறந்தே கிடக்கும், நான் மதியம் இரண்டு மணிக்குக் குளிப்பேன். இதையெல்லாம் எப்படி விட்டுப் போவது?

ஆகவே பல்பு. நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தே ஓய்வு பெற்றவன் நான். ஆணி அடித்தால் விரலில்தான் அடிப்பேன். எலெக்ட்ரீஷியனுக்கு போன் போட்டேன். குழாய் வேலையும் பார்ப்பவர், கைராசிக்காரர் என்று பெயர்.

"ஒரு பல்பா? அதுக்காக ஏணியைத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் வரணுமா சார்? வேலை சேரட்டும், சொல்லுங்க."

வேலையைச் சேர்த்து வைக்க இது என்ன உண்டியலா? இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் நாளைக்கு என்றார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. டார்ச் வெளிச்சத்தில் சமைத்துக்கொண்டிருந்தேன். தங்கை வருகிற ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டே இருந்தது.

இது போதாதென்று சமையலறைக் கூரையில் ஈரம் கசிய ஆரம்பித்தது. மேல்வீடு டெய்லரம்மா வீடு. எனக்கு அவர் மேல் ஏற்கெனவே கடுப்பு. வெள்ளைச் சட்டைக்கு ஒரு பித்தான் தைத்துத் தரச் சொன்னதற்கு, "ஒரு பித்தானுக்கா?" என்று திருப்பி அனுப்பியவர். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று படியேறினேன்.

"உங்க வீட்டுத் தண்ணி என் தலையில சொட்டுதும்மா!"

கழுத்தில் டேப்புடன் கதவைத் திறந்தவர் சண்டைக்கு வரவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தொட்டிக் குழாயைக் காட்டினார். அதற்கு ஒரு துணியைச் சுற்றி, கீழே பக்கெட் வைத்திருந்தார்.

"ஒரு வாஷர் மாத்தணும் சார். அவ்வளவுதான். ஒருத்தனும் வர மாட்டேங்கறான். கேட்டா, வேலை சேரட்டும்ங்கறான்."

"கைராசிக்காரரா?"

"உங்களுக்கும் அதே பதில்தானா?"

கோபம் போன இடம் தெரியவில்லை. உட்காரச் சொன்னார். பேச்சுவாக்கில் நான் விழுந்த கதையைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அன்னிக்கு அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுது சார். எதையோ போட்டு உடைச்சிட்டீங்கன்னு நினைச்சு, வாய்க்குள்ளயே திட்டிட்டு மெஷினை மிதிச்சேன். வந்து பார்த்திருக்கணும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவர் சமாதானமாகவில்லை.

தையல் மெஷின் மேல் கறுப்புத் துணிகளாகக் குவிந்திருந்தன. பேச்சை மாற்ற, ஊரில் எல்லோருக்கும் கறுப்பு பிடித்துவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல சார். கறுப்பு நூல் கோத்தா கறுப்பு வேலை எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் நூலை மாத்துவேன். யார் வீட்டுத் துணியா இருந்தா என்ன? ஒண்ணொண்ணுக்கும் நூல் மாத்தினா பொழுதுதான் போகும். உங்க பித்தானைத் திருப்பி அனுப்பினதும் அதுக்குத்தான்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "சார், கைராசிக்காரர் கேக்கறதும் இதைத்தானே? ஒரே வீட்டு வேலையாத்தான் இருக்கணும்னு அவர் சொன்னாரா?"

இருவரும் கீழே இறங்கிப் போய்க் கண்ணாடிக்கடைக்காரரைப் பிடித்தோம். தரைத்தளத்தில் அவரும் ஒண்டிக்கட்டை. குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து கிடக்கிறது என்றார். உள்ளே ஆள் இருப்பது தெரிவதற்காகப் பாடிக்கொண்டே குளிக்கிறாராம். தனியாக இருக்கிற மனுஷன் யாருக்குத் தெரிவிக்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். டெய்லரம்மா முறைத்தார், விட்டுவிட்டேன்.

மூன்று வீட்டு வேலையையும் சேர்த்துச் சொன்னதும் கைராசிக்காரர், "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று எங்களையே திட்டிவிட்டு, சனிக்கிழமை ஏணியோடு வந்து நின்றார். வாஷரும் தாழ்ப்பாளும் முடிந்து, கடைசியாக என் சமையலறைக்கு வந்தார். பல்பில் கோளாறு இல்லை, ஹோல்டரே போய்விட்டது என்று கூரையைக் குடைய ஆரம்பித்தார். பாத்திரமெல்லாம் கூடத்துக்கு வந்தது. எங்கே பார்த்தாலும் சுண்ணாம்புத் தூள்.

அப்போதுதான் வாசல் படியில் கரகரவென்று பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. தங்கை! ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள், என் துணிமணிக்காகக் காலிப் பெட்டியோடு.

அவள் கூடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இதுதான் வீடா இருக்கிற லட்சணமா?"

அவசரமாகத் துடைப்பத்தை எடுத்தேன். "வேலை நடக்குதும்மா. சாயங்காலம் பாரு, பளிச்சுன்னு இருக்கும்."

"பல்பு யாருக்கு வேணும்?" அவள் குரல் உடைந்தது. "ராத்திரி பூரா தரையில கிடந்தியே, அண்ணா. நாளைக்கு மறுபடி விழுந்தா யாருக்குத் தெரியும்? அதைச் சொல்லு முதல்ல."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். முதலில் அவள் உட்காரட்டும் என்று ஒரு நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்துப் போட்டேன்.

மேலே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. கதவைத் தள்ளிக்கொண்டு டெய்லரம்மா வந்தார், காதில் பென்சிலோடு.

"சார்! மறுபடியும் நாற்காலியா? ஏறாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சத்தம் கேட்டாலே எனக்கு ஈரக்குலை நடுங்குது!"

அவர் முடிப்பதற்குள் கண்ணாடிக்கடைக்காரர் கீழேயிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார், முகத்தில் பாதிச் சோப்போடு. "விழுந்துட்டாரா?"

"யாரும் விழலை," என்றேன். "தங்கச்சி வந்திருக்கா. உட்காரத்தான் போட்டேன்."

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

சமையலறையில் விளக்கு பளீரென்று எரிந்தது. கைராசிக்காரர் ஏணியிலிருந்து இறங்கினார்.

"ஏங்க," என்று தங்கை அவரைக் கூப்பிட்டாள், "இந்தப் பெட்டிச் சக்கரத்தைக் கொஞ்சம் பாருங்களேன். எங்க வீட்டுக்காரர் பார்க்கிறேன் பார்க்கிறேன்னு வருஷத்தை ஓட்டிட்டார்."

"இதுக்கு மட்டும்னா வந்திருக்க மாட்டேன்மா," என்றபடி அவர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

சாயங்காலம் அவளை வழியனுப்பத் தெருமுனை வரை போனேன். அடுத்த தடவை வரும்போது மிக்ஸியைக் கொண்டு வருவதாகச் சொன்னாள். பெட்டி கொஞ்சமும் சத்தம் போடாமல் அவள் பின்னால் உருண்டு போயிற்று. உள்ளே என் சட்டை ஒன்றுகூட இல்லை. கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, பித்தான் போன சட்டையைத் தேடி எடுக்க வீட்டுக்குத் திரும்பினேன். டெய்லரம்மா திங்கட்கிழமை வெள்ளை நூல் கோக்கிறாராம்.