புதன்கிழமை பேசுவோம்

வேலைநிறுத்தத்தின் பன்னிரண்டாம் நாள் முதலாளி இன்பராஜ் பேச்சுக்குக் கூப்பிட்டார். அருப்புக்கோட்டையில் அவருடைய விசைத்தறிக் கொட்டகை எழுந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் நெசவாளிகள் வீட்டிலேயே கைத்தறி போட்டார்கள். கூலி உயர்வு கேட்டு நூல்கடை வாசலில் தனித்தனியாகக் கெஞ்சினார்கள். இப்போது நாற்பது பேர் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் சங்கம் வந்தது.

ஆளுக்கு இரண்டு தறி ஓட்டியவர்களை இனி நான்கு ஓட்டச் சொன்னார் முதலாளி. அப்படியானால் பாதிப் பேருக்கு வேலை போய்விடும்.

சங்கத் தலைவர் நாகையாவும், வீரபத்திரனும், வேங்கடபதியும் போனார்கள். தறிக்கு ஊடைநூலைத் தாராகச் சுற்றும் பெண்களுக்காக நாகையாவின் மனைவி சௌடம்மாளும் போனாள். வேங்கடபதி அவளுடைய தம்பி.

"மெஷினு தானா ஓடுது. பக்கத்துல நின்னு வேடிக்கைதான பாக்குறீக?" என்றார் இன்பராஜ்.

"வேடிக்கை பாத்ததுல போனதுதான் மொதலாளி இது" என்று விரலில்லாத கையை நீட்டினார் வீரபத்திரன்.

தங்களுக்குள் கலந்துபேச அவர்கள் வெளியே எழுந்து போவதில்லை. முதலாளி எதிரிலேயே, வீட்டில் பேசும் கன்னடத்துக்கு மாறிக்கொள்வார்கள். எந்த நூல்கடைக்காரருக்கும் தங்கள் வீட்டுப் பேச்சு தெரியாது என்பதில் நெசவாளர் தெருவில் யாருக்கும் சந்தேகமே கிடையாது.

"கடைசில மூணு தறிக்கு எறங்கிருவோம். ஆனா செவ்வாய்க்கு மேல தாங்காது. சங்கத்து அரிசி அன்னைக்கோட தீந்துரும்" என்றார் நாகையா கன்னடத்தில்.

சௌடம்மாள் சட்டென்று முதலாளியின் முகத்தைப் பார்த்தாள். பதினாறு வயதில் அப்பாவுக்காக நூல் வாங்கப் போவாள். நூல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று கடைக்காரர் மகன் இன்பராஜ் அவளிடம் ஒரு வருடம் கன்னடம் படித்தான். முதலில் தண்ணீர், சாப்பாடு என்று சின்னச் சொற்கள். பிறகு யாரிடமும் சொல்லக்கூடாத சொற்கள். அவள் கல்யாணத்தோடு அது நின்றது. வேறு யாருக்கும் தெரியாது.

இன்பராஜ் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"புதன்கிழமை பேசுவோம்."

"பயந்துட்டான். நாள் கேக்குறான் பாத்தியா?" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார் நாகையா. நல்ல மனுஷர். சோறு குறைந்த இந்த நாட்களிலும் அவள் தட்டில் ஒரு பிடி போட்ட பிறகுதான் சாப்பிட உட்காருவார். முதலாளிக்கு நம் பேச்சு தெரியும் என்று சொல்ல அவள் நாலு நாளும் வாயைத் திறந்தாள். உனக்கெப்படித் தெரியும் என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது? ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டாள்.

செவ்வாயன்று அரிசி தீர்ந்தது. புதன்கிழமை காலையில் நாற்பது வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. நாலு தறிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார் நாகையா. இருபது பேருக்கு வேலை போயிற்று. தார் சுற்ற மெஷின் வருகிறது என்று பெண்களையும் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

காகிதத்தை மடித்தபடி இன்பராஜ் சொன்னார்: "மூணு தறின்னு அன்னைக்கே வாயைத் தெறந்து கேட்டிருக்கலாம்ல, நாகையா? யோசிச்சிருப்பேன்."

மூன்று என்று தமிழில் அவர்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று நாகையா வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ரூமுல நாம நாலு பேருதான். வீரபத்திரன் விரலைக் குடுத்தவன், சொல்ல மாட்டான். ஒன் தம்பி போன மாசம் மொதலாளி வீட்டு விசேஷத்துல பந்தி பரிமாறினான்." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அவன் சொல்லிருப்பானா, சௌடு? நீ இல்லைன்னு சொல்லு, நம்புறேன்."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"சொல்லியிருப்பான்" என்றாள்.

நாகையா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தம்பி வீடு அடுத்த தெருவில்தான். கொஞ்ச நேரத்தில் அங்கே கூச்சல் கேட்டது. "அக்காவைக் கூப்பிடுங்க, நான் சொல்ல மாட்டேன்னு அக்காவுக்குத் தெரியும்!" என்று அதற்கு நடுவே வேங்கடபதி கத்திக்கொண்டிருந்தான்.

சௌடம்மாள் எழுந்து கதவைச் சாத்தினாள்.