விதி எழுதியவளின் கடை

பெல்ஜியத்தின் புரூஜ் நகரசபையில் கடைப் பலகைகளுக்கு அனுமதி தரும் மேசையில் கோடலீவ் இருந்தவரை, அவளைக் கண்டாலே கடைக்காரர்களுக்குக் குலைநடுக்கம். பழைய ஊரின் அழகு கெடக்கூடாது என்று விதி எழுதியவளே அவள்தான். மினுக்கும் விளக்கு கூடாது, பிளாஸ்டிக் கூடாது, அனுமதிச்ச அளவைத் தாண்டக்கூடாது, பலகையைத் தன் கடைச் சுவரில்தான் மாட்டவேண்டும், அடுத்தவர் சுவரில் மூச்! சைக்கிளில் விளம்பர அட்டையைக் கட்டித் தெருமுனையில் நிறுத்திய ஒரு புத்திசாலியைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

ஓய்வு பெற்றபின் சும்மா இருந்தாளா? சேமிப்பையெல்லாம் கொட்டி, ஒரு முட்டுச்சந்தின் கோடியில் கம்பளிநூல் கடை திறந்தாள். பெரிய தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே ஒரு கடை இருப்பதே தெரியவில்லை. தன் சுவரில் அவள் எதை மாட்டினாலும் அவளும் பூனைகளும்தான் பார்க்கவேண்டும். கிறிஸ்துமஸுக்குள் வியாபாரம் சூடுபிடிக்காவிட்டால் கடையை மூடவேண்டியதுதான்.

சந்து முனையில் வான்னஸின் உருளைக்கிழங்கு வறுவல் கடை. எந்நேரமும் வரிசை நிற்கும். அவன் வாசலில் இருந்த ஆள் உயர பிளாஸ்டிக் வறுவல் பொட்டலத்தை முன்பொரு நாள் அகற்ற வைத்தவள் கோடலீவ். அவன் சும்மா விடுவானா?

“என்ன மேடம், இன்னைக்காவது ஈயைத் தவிர யாராச்சும் வந்தாங்களா?”

“உங்க வேலையைப் பாருங்க வான்னஸ். கிழங்கு கருகுது.”

கடைசியில் வெட்கத்தை விட்டு, சந்து முனையில் வான்னஸின் சுவரில் பலகை மாட்ட அனுமதி கேட்டு, தன் பழைய மேசைக்கே போய் நின்றாள். அங்கே இப்போது அவளிடம் தொழில் கற்ற யோஸ்ட்.

“நீங்க கேட்டு இல்லேன்னு சொல்வேனா மேடம்? சுவருக்குச் சொந்தக்காரர் சம்மதிச்சா ஒரு விதிவிலக்கு போட்டுடலாம்” என்றான்.

வான்னஸ் அவளைப் பேசி முடிக்கவே விடவில்லை. “தாராளமா மாட்டுங்க! என் சுவர் உங்க சுவர் இல்லையா?”

இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தபோதே அவளுக்கு உறைத்திருக்கவேண்டும். கடை பிழைக்கவேண்டுமே என்ற தவிப்பில் புத்தி எங்கே வேலை செய்யும்! சந்து முனையில் அவன் சுவரில் ஒரு இரும்புச் செம்மறியைக் கடைப் பலகையாகத் தொங்கவிட்டாள். ஆட்கள் வந்தார்கள், நூல் விற்றது, அவளும் வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் வந்து பார்த்தால், வான்னஸின் வாசலில் பழைய பொட்டலம் மறுபடி நிற்கிறது. எதிரே பல் டாக்டர் வீட்டில் பானை பருமனுக்கு ஒரு பல், உள்ளே விளக்கு வேறு.

“எல்லாம் முறைப்படி வாங்கின விதிவிலக்குதான் மேடம். ஆட்டுக்கு உண்டுன்னா கிழங்குக்குக் கிடையாதா? யோஸ்ட் பாவம், இல்லேன்னு சொல்ல அவனுக்கு வாய் வரலே.”

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் இத்தனை வருஷம் கட்டிக்காத்த தெரு கண்ணெதிரே கெட்டுக்கொண்டிருந்தது. யாரை நோவது? தன் வினை தன்னைச் சுட்டது.

“அட, விடுங்க. ஆடும் இருக்கட்டும், பொட்டலமும் இருக்கட்டும். எல்லாரும் பொழைச்சுக்கலாம்” என்றான் வான்னஸ்.

“ஏணி இருக்கா?” என்றாள்.

ஏறினாள், செம்மறியைக் கழற்றினாள், இறங்கி ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். அவ்வளவு பேர் பார்க்க அழுதுவிட்டாள். “விதி சரியானதுதான் வான்னஸ். ஆனா என் கடை செத்துரும்.”

வான்னஸின் சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று. பொட்டலத்தைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு வந்தான். “உங்களைக் கொஞ்சம் சீண்டிப் பாக்கத்தான் மேடம் வெச்சேன். அழ வைக்கணும்னு இல்லே.” எதிரே பல் டாக்டரும் அசடு வழிய ஏணி கேட்டார்.

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்த வான்னஸ் கேட்டான்: “எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னித் தர்றீங்களா? வயித்துல உங்க கடைப் பேரு, பெருசா, கூடவே ஒரு அம்புக்குறி. வரிசையில நிக்கிறவன் பூரா என் வயித்தைத்தானே பாத்துக்கிட்டு நிக்கிறான்? வயிறு என்ன சுவரா?”

எழுதிய விதிகளையெல்லாம் அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வயிற்றைப் பற்றி எங்கேயும் ஒரு சொல் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து நாடாவை எடுத்து அவனைச் சுற்றி அளந்தாள்.

“அனுமதிச்ச அளவைத் தாண்டுதே.”

“குறைக்கச் சொல்லாதீங்க மேடம், வருஷக்கணக்கா சாப்பிட்டு வளர்த்தது!”

“சரி, சரி. இதுக்கு மட்டும் நான் விதிவிலக்கு தர்றேன்” என்றாள் கோடலீவ். “என்ன கலர் வேணும்?”