சேவல் ஆறும்வரை

அபெயோகுட்டாச் சந்தையோரம், யாரிடமும் தொழில் கற்காத ஒகுந்திரன் பழைய இரும்புகளைப் பற்றவைத்து ஆளுயரச் சேவல் ஒன்றைச் செய்து முடித்திருந்தான். வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் அலாபி வந்து அதன் கழுத்தைக் காட்டிக் கத்தினான்.

“இது திருட்டுப்போன என் சைலன்சர்டா! நீ எடுக்கலைன்னா இரும்புல வாய் வெச்சு இரும்புச் சாமி ஒகுன் மேல சத்தியம் பண்ணு.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒகுந்திரன் சேவலின் அலகருகே குனிந்து, சட்டென்று நிமிர்ந்தான்.

“அலகை இப்பதான் பத்த வெச்சேன். சூடு ஆறட்டும்ணே.”

“பயந்துட்டான் பாரு!” என்றான் அலாபி.

“நீ வேணா இப்பவே முத்தம் குடு. நான் சத்தியம் பண்ணின கையோட, இது உன்னுதுன்னு நீயும் பண்ணணுமில்ல?”

தானும் சத்தியம் செய்யவேண்டும் என்பதை அலாபி மறந்திருந்தான். இரும்பில் வாய் வைத்துப் பொய் சொன்ன ஓட்டுநரைச் சாலையில் ஒகுன் சும்மா விடமாட்டார். அவன் வெகுநேரம் சேவலைச் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து கழுத்தின் அடிப்பக்கத்தையும் பார்த்தான்.

“என்னுதுல அடியில ஒரு நசுங்கல் இருக்கும்ப்பா,” என்றான் மெல்ல. “இதுல இல்ல.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒகுந்திரன் அலகைத் தொட்டுப் பார்த்தான், ஆறியிருந்தது. யாரும் கேட்காமலே குனிந்து அதற்கு ஒரு முத்தம் கொடுத்தான்.