மத்தியான எடை

அச்சு முறிந்த லாரி ஒன்று காலையிலிருந்து எடை மேடையின் மேலேயே கிடந்தது. மணலிக்குப் போய் மெக்கானிக்கைக் கூட்டிவருகிறேன் என்று கிளம்பிய டிரைவர் போனவன் போனவன்தான். வேறு வண்டி ஏற வழியில்லாததால் மேடைக்காரன் மொஹ்சினுக்கு அன்றைக்கு வியாபாரம் இல்லை. விம்கோ நகரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில், மேடையை ஒட்டிய சின்ன அறைக்குள் உட்கார்ந்து பேப்பரை வரி விளம்பரம் வரை படித்து முடித்தான், ஈ ஓட்டினான், கொட்டாவி விட்டான், கடைசியில் பார்க்க வேறொன்றும் இல்லாமல் எடை காட்டும் பெட்டியைப் பார்த்தான். காலையில் பார்த்த எடை அதில் இல்லை. கூடியிருந்தது. லாரியில் யாரும் ஏறவில்லை, ஒரு செங்கல்லைக்கூட யாரும் வைக்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு எண் இன்னொரு பத்து கிலோ ஏறியது.

பெட்டிக்குப் பேய் பிடித்துவிட்டதா என்ன? வெளியே வந்து லாரியை ஒரு சுற்றுச் சுற்றினான். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. மேடைக்கு அடியிலிருந்து வரும் ஒயர்கள் எல்லாம் போய்ச் சேரும் தகரப் பெட்டி சுவரோரமாக வெயிலில் நின்றது. தொட்டவன் கையை உதறினான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு கோணியைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் போர்த்தினான். திரும்பி வந்து உட்கார்ந்தான். எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. நின்ற இடத்திலேயே லாரி இளைத்துக்கொண்டிருந்தது. கோதண்டம் எப்போதும் மத்தியானம்தான் வருவான்.

கோதண்டம் பழைய இரும்பு ஏற்றும் லாரியின் டிரைவராக இருந்தவன். இரும்புக் கடையில் எல்லா வண்டிக்கும் பிறகுதான் அவன் வண்டிக்கு லோடு ஏறும். மொஹ்சினிடம் எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் உள்ள உருக்காலைக்குப் போவான். அங்கே மறுபடி எடை பார்ப்பார்கள். காலையில் போன வண்டிகளுக்கெல்லாம் இரண்டு எடையும் ஒத்துப்போயின. கோதண்டத்தின் வண்டிக்கு மட்டும் வெயில் காலம் பிறந்ததிலிருந்து அங்கே குறைந்தது. வழியில் இரும்பை இறக்கி விற்கிறான் என்று கடை முதலாளி முடிவு கட்டிவிட்டார். பங்குனியில் ஒருநாள் லாரி ஷெட்டில் பஞ்சாயத்து வைத்தார்கள்.

"நான் ஒரு ஆணிகூட எடுக்கல. பாய் மிசின்லதான் இன்னாவோ பேஜாரு கீது" என்றான் கோதண்டம்.

மொஹ்சினுக்கு வந்ததே கோபம். அளவில் மோசம் செய்கிறவனுக்குக் கேடுதான் என்று பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் அவன். யாரைப் பார்த்து என்ன பேச்சு? ஷெட்டு முழுக்கக் கேட்கும்படி, "அல்லா மேல சத்தியமா சொல்றேன், என் மேடை பொய் சொல்லாது" என்றான். அதன் பிறகு கோதண்டம் வாயைத் திறக்கவில்லை. கையும் களவுமாக மாட்டியவன் வேறென்ன பேசுவான் என்று மொஹ்சின் அப்போது நினைத்தான். அன்றோடு கோதண்டத்துக்கு வேலை போயிற்று. தண்டையார்பேட்டையிலிருந்து மீஞ்சூர் வரை எந்த லாரி ஆபீசும் அவனை வண்டியில் ஏற்றவில்லை.

நனைந்த கோணியின் ஈரம் காயக் காய எடை மறுபடி ஏறியது. அதைப் பார்க்க முடியாமல் மொஹ்சின் சுவிட்சை அணைத்தான். அறைச் சுவரில் அரசாங்க முத்திரை ஆய்வாளர் கொடுத்த சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அது தண்டில் குண்டை நகர்த்தி எடை பார்த்த பழைய மேடைக்கு வாங்கியது. எலெக்ட்ரானிக்குக்கு மாற்றிய பிறகு புதிதாக முத்திரை வாங்க வேண்டும் என்று தெரியும். யார் ஏறிப் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

மேடையை மாற்ற வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது முதலில் வந்தது வியாசர்பாடியிலிருந்து செங்கொடி என்ற பெண். எலெக்ட்ரானிக்ஸில் பி.இ. எடை இயந்திரம் செய்யவும் பழுது பார்க்கவும் அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ் வைத்திருந்தாள். மொஹ்சின் அவளுடைய பட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். லைசென்ஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். இது நிஜமாகவே நீ வாங்கினதா என்று கேட்டான். அப்புறம், வெளியே நின்ற டிரைவர்கள் காதிலும் விழும்படி, "பேப்பர தூக்கி மேடைல வெச்சா வண்டி எடை போட்டுடுமாம்மா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஒவ்வொரு காகிதமாக ஃபைலில் அடுக்கிக்கொண்டு போனாள். அந்த நகைச்சுவையை அவன் வீட்டில் மனைவி ரிஃபானாவிடம்கூடச் சொல்லிச் சிரித்தான்.

வேலையைக் கொடுத்தது பஷீருக்கு. வண்ணாரப்பேட்டையில் ஒன்றாகப் படித்த தோஸ்து. டிவி ரிப்பேர், பள்ளிவாசல் மைக் செட், கல்யாண வீட்டு சீரியல் லைட் எல்லாம் அவன் கைதான். கைராசிக்காரன் என்று பெயர். அவனிடம் மொஹ்சின் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்ட நாளிலிருந்து சான்றிதழ் என்றாலே மொஹ்சினுக்கு ஒரு எரிச்சல். அது மட்டும் என்றால் பரவாயில்லை. வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் வந்து தன் மேடையைத் திறந்து, இது சரி, இது தப்பு என்று சொல்வதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதுதான் உண்மை. இப்போது தனியாக உட்கார்ந்து அதை ஒப்புக்கொண்டபோது காது மடல் சுட்டது. பஷீர் மார்கழியில் ஒரு காலை நேரத்தில், குளிர்ந்த காற்றில், லாரியை ஏற்றி எடை பார்த்து, எல்லாம் கரெக்ட் மாமு என்று சொல்லிவிட்டுப் போனான். பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தான் மொஹ்சின்.

மறுநாள் மொஹ்சின் கூப்பிட்டனுப்பி பஷீர் வந்தான். தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தான். முகம் விழுந்துவிட்டது.

"நான் போட்ட சாமான் சூடு தாங்காத சாமான் மாமு. ரிச்சி தெருவுல சல்லிசா கெடச்சத போட்டேன். மாத்திடலாம். ஆருக்கும் தெரிய வேணாம்."

"கோதண்டம்?"

"அவன் வேற எங்கியாச்சும் பொயச்சிப்பான். நீ போயி இன்னான்னு சொல்லுவே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறான். ஒரு கணம் மொஹ்சினுக்கும் அது முடியும் என்றுதான் தோன்றியது. இலையையும் சோற்றையும் மனசுக்குள் தயார் செய்துகொண்டான். அந்த ஒரு கணத்துக்காக அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"ஏன்டா, வேபிரிட்ஜ் வேலை உனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

பஷீர் ஸ்குரு டிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "நீ கேக்கலியே. எங்க போனாலும் இன்னா படிச்சே, இன்னா படிச்சேன்னு கேப்பாங்க. நீ ஒருத்தன்தான் கேக்கல. எனக்கு சந்தோசமாப் பூட்ச்சு மாமு. அந்த சந்தோசத்துல செஞ்சிடலாம்னு நெனச்சிட்டேன்." அவன் கண் கலங்கியிருந்தது. மொஹ்சின் அவனைத் திட்டாமல் தகரப் பெட்டியை மூடிவிட்டு வியாசர்பாடிக்குக் கிளம்பினான்.

செங்கொடியின் பட்டறை வியாசர்பாடியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள், உட்காரச் சொன்னாள், சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"செஞ்சு தரேன் சார். ஆனா இதுக்கு முன்னாடி மேடை எப்படி இருந்துச்சுன்னு முத்திரை ஆய்வாளருக்கு எழுதிக் குடுப்பேன். அது வரைக்கும் ஒரு வண்டிகூட ஏத்தக் கூடாது."

"எழுதாம முடியாதாம்மா?"

"பஷீர் பாய் என்ன விட நல்லா சால்டர் பிடிப்பாரு, பாத்துருக்கேன். ஆனா தப்பு வந்தா அவருகிட்ட இருந்து எத புடுங்குவாங்க? எங்கிட்ட லைசென்ஸ புடுங்கிடுவாங்க சார். அதனாலதான் வெயில்ல ஒருவாட்டி, காலைல ஒருவாட்டி லோடு வெச்சுப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தப் பயந்தான் சார் அந்தப் பேப்பரு."

அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்று மொஹ்சின் ஆரம்பித்தான். அவள் தலை நிமிரவில்லை. "லோடு வண்டி ஒண்ணு ரெடியா வெச்சிருங்க" என்றாள். மன்னிப்புக் கேட்க அவள் இடம் கொடுக்கவில்லை என்பதைத் தெருவுக்கு வந்த பிறகுதான் புரிந்துகொண்டான்.

கோதண்டத்தின் வீடு நெட்டுக்குப்பத்தில் இருந்தது. இப்போது படகுகளில் கூலிக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறான் என்று விசாரித்ததில் தெரிந்தது. சாயங்காலம் மொஹ்சின் போனபோது கோதண்டம் வாசலில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே அவன் மனைவி கெங்கம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஓங்கி ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தேதான் மொஹ்சின் வந்திருந்தான். விழுந்தால் நல்லது என்றும் நினைத்திருந்தான்.

"தப்பு என் மேடைலதான் கோதண்டம். வெயில் ஏறுனா எடையும் ஏறுது. நீ எதுவும் எடுக்கல. ஷெட்டுல எல்லாரு முன்னாடியும் வந்து சொல்றேன். நான் செஞ்சது பொய் சத்தியம்."

கோதண்டம் அடிக்கவில்லை. அவனை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப தீனா எடுக்கலியா?" என்றான்.

"யாரு?"

"என் மச்சான். இவ தம்பி. என் வண்டில கிளீனரா வந்துகினு இருந்தானே."

முப்பது வயதிருக்கும். ஒவ்வொரு மத்தியானமும் சீட்டு வாங்க ஜன்னலுக்கு வருகிறவன். மொஹ்சின் ஒருநாளும் அவன் பெயரைக் கேட்டதில்லை.

"நீ அல்லா மேல சத்தியம் வெச்சே பாய். அஞ்சு வேள தொய்ற மன்சன் பொய் சத்தியம் வெப்பானான்னு நானே நம்பிட்டேன். நான் எடுக்கல. அப்ப வேற ஆரு? மீஞ்சூர்ல நான் டீ குடிக்க சொல்ல வண்டியாண்ட நின்னவன் அவன்தானே." கோதண்டத்தின் குரல் உடைந்தது. "வூட்டுக்கு வந்து அவன மிதிச்சேன் பாய். எடுக்கல மாமா, எடுக்கல மாமான்னு கால புட்ச்சான். வெளிய தள்ளி கதவ சாத்துனேன்."

"இப்ப எங்க இருக்கான்?"

"தெர்ல."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. கெங்கம்மா கத்தியோடு வாசற்படிக்கு வந்தாள். "இன்னொருவாட்டி சொல்லு பாய்" என்றாள். மொஹ்சின் சொன்னான். தன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையும் அவள் முகத்தில் போய் விழுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஷெட்டில் முப்பது பேர் முன்னால் தலை குனிவதுதான் பெரிய தண்டனை என்று நினைத்து வந்தவனுக்கு, இந்த ஒரு பெண் முன்னால் நிற்க முடியவில்லை.

"காசிமேட்டுல ஐஸ் ஒடைக்கிற எடத்துல அவனாட்டம் ஒர்த்தன பாத்தேன்னு பக்கத்து வூட்டு செல்வி சொல்லிச்சு. நான்தான் போவல. திருடன போயி இன்னா பாக்கறதுன்னு போவல." கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். கோதண்டம் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தான். செருப்பைப் போட்டவள் திரும்பி மொஹ்சினைப் பார்த்தாள். "கதவு தாப்பா ஒடஞ்சி கீது. நாங்க வர்ற வரிக்கும் இங்கியே குந்து."

இருவரும் ரயிலடிக்குப் போகும் பாதையில் நடந்தார்கள். அவள் முன்னால் போனாள். அவன் எட்டிப் பிடிக்கப் பார்த்தான். அவள் நடையைக் கூட்டினாள்.

மொஹ்சின் படியில் உட்கார்ந்தான். பூனை ஒன்று பாதி கழுவிய மீனைப் பார்த்து வந்தது. எழுந்துபோய் சட்டியை மூடி மேலே ஒரு கல்லை வைத்தான். திரும்பும்போது எதிர்வீட்டுப் பெண் தெருவில் நின்றிருந்தாள்.

"ஆருய்யா நீ? அவங்க இல்லாத நேரத்துல வூட்டுக்குள்ள இன்னா பண்ற?"

மொஹ்சின் வாயைத் திறந்தான். கோதண்டத்தின் சிநேகிதன் என்று சொல்ல முடியாது. மேடைக்காரன் என்று சொல்லவும் நா எழவில்லை. மறுபடி படியில் உட்கார்ந்தான். அந்தப் பெண் போகவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவன் கைகள் இரண்டையும் விட்டுக் கண்ணை எடுக்காமல் எதிரிலேயே நின்றாள்.