விட்ட இடத்திலிருந்து

டாக்டரம்மா சொன்னதைக் கேட்டதும் லாரிக்காரருக்குச் சிரிப்புதான் வந்தது. பெண்டாட்டி முழங்கையால் இடித்த பிறகு அடக்கிக்கொண்டார். மகளுக்கு வந்திருக்கிற, சாப்பிட மறுக்கிற இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கும் முறையை டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படிக்கிறாளாம். பாடமெல்லாம் முடிந்ததாம். இனி ஒரு குடும்பத்தை உட்காரவைத்து நிஜமாகவே செய்துகாட்ட வேண்டுமாம். சொல்லிக்கொடுக்கிற அம்மாள் கடல் தாண்டி எங்கோ உட்கார்ந்து திரையில் பார்த்து மார்க் போடுவாளாம்.

“அதுக்கு நாங்கதான் கிடைச்சோமா?” என்றார்.

“ஐயா, உங்க பொண்ணுக்கு இதயம் ரொம்ப மெதுவா அடிக்குது. இன்னும் எடை இறங்கினா இங்க வச்சுப் பார்க்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில படுக்கைக்கு எத்தனை மாசம் காத்துக்கிடக்கணும்னு உங்களுக்கே தெரியும். நேர்ல சொல்லித்தர எனக்கு இந்த ஊர்ல ஆள் இல்லை. அந்த அம்மா ஒருத்தங்கதான்.”

ஒளிக்காமல் சொன்னாள். அதனால் ஒத்துக்கொண்டார். நம்பி ஒன்றும் அல்ல. ஆற்றோடு போகிறவன் கையில் அகப்பட்டதைப் பிடிப்பான், அவ்வளவுதான்.

மகளுக்குப் பதினாறு வயது. வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுத்த பெண், இப்போது வெயிலிலும் கம்பளிச் சட்டைக்குள் சுருண்டு, எலும்பு உறுத்தாமல் இருக்க நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா அறை மேசையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த சோறு, பருப்பு, ஒரு முட்டை. எதிரே கம்ப்யூட்டர், அதில் கண்ணாடி போட்ட முகம். டாக்டரம்மாவின் காதில் ஒயர். அப்பன் செய்ய வேண்டியதை முன்பே சொல்லியிருந்தார்கள். அதட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, பேரம் பேசக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிடு என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

“சாப்பிடும்மா,” என்றார்.

“முடியலப்பா.”

“சாப்பிடும்மா.”

“டேப் ரிக்கார்டரை முழுங்கிட்டீங்களா?”

டாக்டரம்மா காதில் வந்ததைக் கேட்டு, “இன்னும் கொஞ்சம் கிட்ட உட்காருங்க,” என்றாள். உட்கார்ந்தார். சோறு ஆறிக்கொண்டே போனது. பெண்டாட்டி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். லாரிக்காரருக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“வாயாடி, உன்கூடச் சண்டை போடாம வீடு வீடாவே இல்லடி. லாரியை எங்கயாவது நிறுத்திட்டுத் தனியா உட்கார்ந்து என்னையே திட்டிக்கிறேன். நீ திட்டுற மாதிரி வரமாட்டேங்குது.”

அவள் அவரைப் பார்த்தாள். ஸ்பூனை எடுத்தாள். பருப்பைத் தொட்டுக் கொஞ்சம் சோறு அள்ளினாள். ஸ்பூன் உதட்டருகே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் திரை நின்றுபோனது. கண்ணாடி முகம் வாயைத் திறந்தபடியே உறைந்தது.

“மேடம்? கேட்குதா? மேடம்?” டாக்டரம்மா காது ஒயரைத் தட்டினாள். சட்டென்று திரும்பிப் பட்டன்களை அமுக்கினாள். நாற்காலி கிறீச்சிட்டது. இரண்டு நொடிதான் இருக்கும். மகள் திரையைப் பார்த்தாள், டாக்டரம்மாவின் முதுகைப் பார்த்தாள், ஸ்பூனைத் தட்டில் வைத்தாள்.

திரும்பிப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

உயிர் வந்த திரை இப்போது எல்லோர் காதிலும் விழும்படி பேசியது. “கடைசியா அப்பா சொன்னது அருமையா இருந்தது, டாக்டர். அதையே மறுபடி சொல்லச் சொல்லுங்க. விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்போம்.”

லாரிக்காரர் சொன்னார். அதே வார்த்தைகள்தான். ஆனால் அவர் காதுக்கே பஸ் நிலையத்து அறிவிப்பு மாதிரி கேட்டது.

“இதுவும் அவங்க சொல்லிக் கொடுத்ததாப்பா?”

“இல்லடி. சத்தியமா நானா சொன்னது.”

“சரிப்பா,” என்றாள். நம்பவில்லை. சோறு உலர்ந்து தட்டில் ஒட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பூனை அவள் தொடவே இல்லை.

“லைன் போனது உங்க தப்பு இல்ல, டாக்டர். தேர்ச்சி போட்டுடறேன்,” என்று திரை சொன்னது. டாக்டரம்மா ஒயரைப் பிடுங்கினாள். எண் கண்ணில் படாதபடி மகளை எடைக் கருவியில் முதுகு திருப்பி ஏற்றினாள். எண்ணைப் பார்த்துவிட்டுத் தன் கண்ணை மூடித் திறந்தாள்.

“பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்யா. வரிசையிலயாவது நில்லுங்க.”

“அதுவரைக்கும்?”

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள், தலையைத் தூக்கவில்லை. அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது லாரிக்காரருக்கு. திட்டி என்ன ஆகப்போகிறது? அவளுக்கும் இருந்தது அந்தத் திரை ஒன்றுதான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் மகள், தன் சாப்பாட்டைத் திரும்ப எடுத்துவைத்த பாத்திரத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தாள்.

“காலையிலேருந்து நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே. சாப்பிடுங்கப்பா.”

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மென்றார். அவள் ஒவ்வொரு வாயையும் கண் கொட்டாமல் பார்த்தாள். முகம் தெளிந்திருந்தது, வயிறு நிறைந்தவள் போல. பெண்டாட்டி எழுந்து தெருப்பக்கம் போய்விட்டாள். லாரிக்காரர் முட்டையையும் தின்று முடித்தார்.