பலகையில் இருந்த பெயர்

கல்முனையில் றாஸிக் மணிக்கூட்டுக் கடை றஹீமாவின் வீட்டு முன்னறையில்தான் இருந்தது. வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. வாசலுக்கு மேலே இருந்த பலகை மட்டும் மாப்பிள்ளையாக வந்த றாஸிக்கினுடையது. ஊர் பார்த்தது பலகையைத்தான். டோஹாவிலிருந்தும் துபாயிலிருந்தும் விலை கூடிய மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள், அது நின்றுபோனால் கொழும்புக்குக் கொண்டுபோக மாட்டார்கள். சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், தன்னுடையதை றாஸிக் தவிர வேறு எவனும் திறக்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியமே வாங்கியிருந்தார்.

பாவம் ஹாஜியார். றாஸிக்கின் விரல்கள் ஆறு வருடங்களுக்கு முன்பே நடுங்கத் தொடங்கிவிட்டன. சோறு பிசையவே சிரமப்பட்ட மனுசன் மணிக்கூட்டுக்குள் இருக்கும் மயிரிழைச் சுருளை எப்படித் தொடுவான்? கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைகளை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டு, வந்தவர்களோடு பெரிய மனுசத்தனமாகக் கதைப்பான். மணிக்கூடு திரைக்குப் பின்னால் போகும். அங்கே றஹீமா இருந்தாள். விழுந்த குட்டித் திருகாணியைப் பொறுக்கிக் கொடுக்க வந்தவள், போகப்போக எல்லா ஆணியையும் தானே பூட்டினாள். அது புருஷன் பெண்சாதிக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவளுக்கு அதில் குறையும் இல்லை. புருஷன் இருந்தான், வேலை இருந்தது.

அவன் மௌத்தாகி இரண்டு மாதம். றஹீமா, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருந்தாள். அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்பதால் வெள்ளை உடுத்து உள்ளேயே இருந்தாள். கடை பூட்டிக் கிடந்தது. இத்தா முடிந்ததும் கடையைத் தானே திறக்க வேண்டும், தன் பெயரிலேயே திறக்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் முடிவெடுத்திருந்தாள். அந்த ஒரு ஆசைதான் அவளுக்கு நாட்களைத் தள்ளிவிட்டது.

ஒருநாள் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு றாஸிக்கின் தம்பி முஸ்தாக், கொழும்பிலிருந்து றிபாத் என்ற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். இருவரும் முன்னறையில் இருந்தார்கள். றஹீமா திரைக்கு இந்தப் பக்கம்.

றிபாத் வெளிநாட்டு மணிக்கூடு விற்கும் கம்பனிக்காரர். கிழக்கில் திருத்துமிடம் ஒன்று திறக்கப் போகிறார்களாம். அதற்கு றாஸிக்கின் பெயர் வேண்டுமாம். வேலை செய்யத் தங்களுடைய ஆளை அனுப்புவார்களாம். போன வருடம் இங்கே திருத்திய பச்சை முகத்து மணிக்கூடு ஒன்றைத் தங்கள் தலைமை வேலைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, இப்படிச் சுத்தமான வேலையை இந்த நாட்டில் தான் கண்டதேயில்லை என்றாராம்.

றஹீமாவுக்கு முதலில் நெஞ்சு குளிர்ந்தது. பிறகுதான் விளங்கியது. பலகை போனால் பலகையோடு வேலையும் போகும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் புருஷன் மேல் கோபம் வந்தது.

"அந்த வேலை நான் செஞ்ச," என்றாள். "ஆறு வருஷமா எல்லாம் நான்தான் செஞ்ச."

முஸ்தாக் துள்ளி எழும்பினான். மௌத்தான மனுசனைப் பொய்யனாக்குகிறீர்களா என்று கேட்டான்.

"அந்தப் பச்சை முகத்து மணிக்கூட்டில, நடுவுத் தகட்டில ஒரு ஆணிக்கு மட்டும் தலை சின்னன். சரியான ஆணி கிடைக்கல்ல, நான் அரத்தால ராவிப் போட்ட. திறந்து பாக்கச் சொல்லுங்க."

அந்த மணிக்கூடு இன்னும் கம்பனியில்தான் இருந்தது. றிபாத் கொழும்புக்குப் போனில் கோல் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஓம், ஒரு ஆணிக்குத் தலை சின்னன்தான். முஸ்தாக் கதிரையில் திரும்பவும் இருக்கும் சத்தம் கேட்டது.

றிபாத்தின் குரல் இப்போது மிகவும் மரியாதையாக வந்தது; அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிட்டார். அப்படியென்றால் ஆள் அனுப்பத் தேவையில்லை, ராத்தாவே செய்யட்டும், கிழமைக்கொரு தடவை மணிக்கூடுகளோடு வான் வண்டி வரும், வீட்டை விட்டு வெளிக்கிடவே தேவையில்லை என்றார். யாரிடமும் சொல்லக்கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை.

"பலகையில என்ட பேரு போடுவீங்களா?"

"ராத்தா, இந்த மணிக்கூட்டை முதல்ல செஞ்ச வெள்ளக்காரன் செத்து நூறு வருஷத்துக்கு மேல. இன்னும் அவன்ட பேருதான் முகத்தில கிடக்கு. எந்தக் கை செஞ்செண்டு ஆரும் கேட்டதா? சனம் வாங்கிற பேரைத்தான்."

முஸ்தாக் கெஞ்சினான். தன் அண்ணனின், நானாவின் மானத்தைக் காப்பாற்றச் சொன்னான். கடை இல்லாவிட்டால் எதைச் சாப்பிடுவீர்கள் என்றும் கேட்டான். சீதன வீட்டில் தன் பெயரில் ஒரு பலகை தொங்கவிட முடியாதா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். தொங்கவிடலாம். இறந்தவனைக் கள்ளனாக்கிய பெண்ணிடம் எவன் மணிக்கூட்டைக் கொண்டு வருவான்? தனக்கு எதிராக ஊரையும், கபுறுக்குழியில் கிடக்கும் புருஷனையும் சேர்த்து நிறுத்த அவளால் முடியவில்லை. "ஓம்" என்றாள்.

உடனே றிபாத் திரைக்குக் கீழால் ஒரு மணிக்கூட்டைத் தள்ளினார். ஓடாமல் நின்ற சாமான். திறந்து, தூசு நீக்கி, எண்ணெய் தொட்டு வைத்தாள். மூடியைப் பூட்டுவதற்கு முன் உட்பக்கத்தில் திருத்தியவரின் பெயரையும் தேதியையும் கீற வேண்டும். என்ன கீறுவது என்று கேட்டாள்.

"றாஸிக் எண்டுதான். இண்டைய தேதி," என்றார் றிபாத்.

"அவர் மௌத்தாகி ரெண்டு மாசம்."

"கம்பனிப் பேருக்கு மௌத்து இல்ல ராத்தா."

ஊசியை எடுத்துக் கீறினாள். மணிக்கூட்டை வெளியே தள்ளினாள்.

பின்னேர அசர் பாங்கு சொல்லும் நேரம். றிபாத் மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு முஸ்தாக்கிடம் நீட்டுவது திரையில் நிழலாகத் தெரிந்தது.

"நானாட கைதான்," என்றான் முஸ்தாக். சொல்லிவிட்டு அழுதான். அது பொய் அழுகை இல்லை.