போலீஸ் குமாஸ்தாவுக்கு ஒரு நல்ல பிரதி

பூனாவில் தாமோதர்பந்த் மேடையேறிப் பேசினால் லண்டனில் சக்கரவர்த்தியின் கையிலிருக்கும் தேநீர்க் கோப்பை ஆடும். தாமோதர்பந்தே சொல்லியிருப்பதால் இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அவருக்கு ஆகாத ஒரே ஆள் வக்கீல் லிமயே. எந்தக் கூட்டமானாலும் மேடைக்குக் கீழே போலீஸ் குமாஸ்தா கதம் மேஜை போட்டு உட்கார்ந்து பேச்சைக் குறித்துக்கொள்வார். ராஜத்துரோக வழக்குக்கு அந்தக் குறிப்புதான் சாட்சி. லிமயே தம் பேச்சை முத்து முத்தாகப் பிரதியெடுத்து முன்கூட்டியே கதமிடம் கொடுத்துவிடுவார்.

"பேச்சா ஓய் அது? வெளுத்து, இஸ்திரி போட்டு, மடிச்சு நீட்டற துணி!" தாமோதர்பந்த் நண்பர்களிடம் அவல் சிவ்டாவை மென்றபடி சிரிப்பார். "நம்மளுது புயல். அந்தக் கதம் முடிஞ்சா பிடிச்சுக்கட்டும்."

புதன்கிழமை கதமே வீடு தேடி வந்தார், கையில் நோட்டுப் புத்தகத்தோடு.

"ஒண்ணுமில்ல பந்த். ஞாயித்துக்கிழமை நீங்க பேசின வேகத்துல பாதி கைக்குச் சிக்கல. விட்ட இடத்தையெல்லாம் நானே நிரப்பிட்டேன். சரியான்னு பாருங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "'வெள்ளையரே, கப்பல் ஏறுங்கள்! ஏறாவிட்டால் கடலில் தள்ளுவோம்! (பலத்த கைதட்டல்)'"

"ஐயையோ! உப்பு வரி கொஞ்சம் ஜாஸ்தின்னுதானே சொன்னேன்!"

"இருக்கலாம். ஆனா ஜனங்க அந்தக் கைதட்டு தட்டினாங்களே. உப்புக்கா இவ்வளவுன்னு யோசிச்சு, கைதட்டலுக்குத் தக்கபடி எழுதிட்டேன்."

வாக்கியம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று தாமோதர்பந்த் ஒரு கணம் ஏங்கினார்.

"இதுக்கு எவ்வளவு கிடைக்கும்?"

"ஆறு வருஷம். அந்தமானாவும் இருக்கலாம். நாளைக்குக் காலைல துரை மேஜைக்குப் போயாகணும்." கதம் பெருமூச்சு விட்டார். "லிமயே வக்கீல்கிட்ட இந்தத் தொல்லையே இல்ல."

தாமோதர்பந்த் எழுந்து தெருவை இருபக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கதம்ராவ், டீ சாப்பிடறீங்களா? ஒரு அரைமணி உட்காருங்க."

மைக்கூடு வந்தது. உப்பு வரி வந்தது. 'சற்றே அதிகம்' என்பது அடிபட்டு, 'அதிகமோ என்று ஐயம்' ஆயிற்று. சக்கரவர்த்திக்கு முன்னால் 'மேன்மை தங்கிய' ஏறிக்கொண்டது. மை காயும்வரை ஊதி, ஓரம் பிசகாமல் நாலாக மடித்து நீட்டினார்.

கதம் பிரித்துப் பார்த்தார். "கைதட்டலே காணோமே பந்த்?"

"அது மட்டும்," தாமோதர்பந்த் குரலைத் தாழ்த்தினார், "நீங்க எழுதினபடியே இருக்கட்டும்."